அரக்கிக்குக் குரல் கொடுத்த செண்பகம்

கவரப்பேட்டை செண்பகத்துக்கு மெதுவாகப் பேச வராது. வீட்டுக்குள்ளிருந்து அவள் "தண்ணி வந்துட்ச்சா?" என்று கேட்டால், தெருக்கோடிக் குழாயடியில் நிற்பவர்கள் "இன்னும் வரல" என்று பதில் சொல்வார்கள். சத்தம் மட்டும் பெரிது என்றால் பரவாயில்லை, குரலே கரடுமுரடு. லாரியிலிருந்து சரளைக்கல் சரிகிற மாதிரி அடியில் ஓர் உறுமல் ஓடிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்தில் அவள் "உள்ளேன்" சொன்னால் டீச்சர் நிமிர்ந்து, "எந்தப் பையன்டா அது?" என்பார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்குச் சேர்ந்தபோது, பாட்டு சொல்லிக்கொடுத்தவர் மூன்றாம் நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாய மட்டும் அசை, போதும்" என்றார். பத்து வயதுப் பெண். அன்றைக்கே பாட்டுக் குழுவை விட்டு வந்துவிட்டாள். வாயை அசைக்கிறதுக்கு எதுக்கு வெள்ளை கவுன் என்று அம்மாவிடம் சண்டை போட்டாள்.

கல்யாணம் ஆன புதிதில் புருஷன் யேசுதாஸ் கெஞ்சிப் பார்த்தான். பெயிண்ட் கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். ஒருத்தர் வம்புக்கும் போகாதவன். "கொஞ்சம் மெதுவாதான் பேசேன் செம்பகம். பக்கத்து ஊட்ல சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. அழுவுறதவிட சிரிக்கிறது நல்லதுதானே" என்று அவள் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

அந்தக் குரலுக்கு ஒரு மரியாதை கிடைத்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்தான். அங்கே ஓர் இரும்பாலையில் பழைய இரும்பு குவித்திருக்கும் யார்டில் பதினோரு வருஷமாக அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் துருப்பிடித்த சாமான்களுக்கு நடுவே பெண்கள் தேடித் தேடி, வாய் மூடிய பொருட்களைப் பொறுக்கி எடுத்து வெளியே போடவேண்டும். பழைய சிலிண்டர், இரண்டு பக்கமும் அடைத்த குழாய், வண்டியின் ஷாக் அப்சார்பர் இப்படி எதுவாவது ஒன்று தப்பி உலைக்குள் போய்விட்டால் வெடிக்கும். உருகிய இரும்பு மழையாகத் தெறிக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கிரேன் ஓட்டும் சின்னதுரை காந்தத்தில் ஒரு கொத்து இரும்பைத் தூக்கிக்கொண்டு உலைப்பக்கம் போகும்போது, அதன் அடியில் சின்னதாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்குவதை செண்பகம் பார்த்துவிட்டாள். உலை சத்தம், கிரேன் சத்தம், அடுத்த கொட்டகையில் கம்பி வெட்டும் சத்தம். அத்தனைக்கும் மேலே அறுபது அடி உயரத்தில் கண்ணாடி அறைக்குள் இருந்தவனுக்கு, "டேய் நிறுத்துடா!" என்று அவள் கத்தியது கேட்டது. நிறுத்திவிட்டான். உலையடியில் அப்போது ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். கீழே இறங்கி வந்த சின்னதுரை தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினான். அதன் பிறகு அந்த யார்டில் யாரும் அவளை மெதுவாகப் பேசச் சொன்னதில்லை.

போன மார்ச் மாதம் கம்பெனி, காண்ட்ராக்ட் பெண்களுக்கு விட்டிருந்த பஸ்ஸை நிறுத்தியது. புதுவாயல் கூட்ரோட்டில் காலை ஏழே காலுக்கு வந்து பதினான்கு பேரை ஏற்றிப்போகும் பஸ். நிரந்தர ஆட்களுக்கு மட்டும்தான் இனி வண்டி என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஷேர் ஆட்டோ பிடித்தால் ஹைவேயில் இறக்கிவிடுவான். அங்கிருந்து கம்பெனி கேட் மூன்று கிலோமீட்டர். நடைபாதை கிடையாது, கன்டெய்னர் லாரிகள் தோளை உரசிக்கொண்டு போகும். பத்தாவது நாள், கூட வேலை செய்யும் மோனிகாவின் முந்தானையை ஒரு டிரெய்லரின் கொக்கி இழுத்தது. புடவை கிழிந்ததோடு போயிற்று.

மறுநாள் காலை பதினான்கு பேரும் புதுவாயல் கூட்ரோட்டில் கொல்கத்தா நெடுஞ்சாலையின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். கொடி இல்லை, மைக் இல்லை. செண்பகம் மட்டும் எழுந்து நின்று பேசினாள். அரை கிலோமீட்டருக்கு நின்றுபோன வண்டிகளின் ஹாரனைத் தாண்டி அவள் பேசியது கடைசி லாரி வரைக்கும் போனது.

"பஸ்ஸு கேக்குறோம்! ஏரோப்ளேனா கேக்குறோம்? நாங்க பொறுக்குற இரும்புதான் உங்க ஊட்டுக் கூரையில கம்பியா நிக்குது. எங்கள ரோட்ல அடிபட்டு சாவ சொல்றியா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். "ஏம்மா, மைக் வெக்கிறதுக்கு பர்மிஷன் வாங்கினியா?"

"மைக் எங்க சார் கீது? இது என் தொண்ட சார். இதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?"

இன்ஸ்பெக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். நிஜமாகவே மைக் இல்லை. பின்னால் நின்ற போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நின்றிருந்த வண்டிகளில் ஒரு வெள்ளை கார். அதில் வசந்தகுமார் என்று ஒருவர், ஆரம்பாக்கத்தில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். திருவள்ளூர் பக்கத்தில் நெல் விளைவிக்கிற குடும்பம். இவர் மட்டும் சின்ன வயதிலேயே சென்னைக்கு ரயில் ஏறி, வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க வைக்கும் வேலையில் போய் உட்கார்ந்துவிட்டவர். கல்யாண முகூர்த்தம் தவறிக்கொண்டிருந்ததைக்கூட மறந்து, கார் கண்ணாடியை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தாசில்தார் வந்து, ஒரு வாரத்தில் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். பெண்கள் எழுந்ததும் வசந்தகுமார் நேரே செண்பகத்திடம் வந்தார்.

"அம்மா, உங்க குரல் எனக்கு வேணும்."

"இன்னாது?"

"நார்வேன்னு ஒரு தேசம். பனி நாடு. அங்க எடுத்த ஒரு படத்தத் தமிழ்ல பேச வெக்கிறோம். அந்த ஊர்க் கதைங்கள்ல மலைக்குள்ள ஒரு பெரிய அரக்கி உண்டு. அவளுக்குத்தான் குரல் தேடிக்கினு இருக்கேன். மூணு வாரமா பேஜாரு. எல்லாரும் அரக்கி மாதிரி நடிக்கிறாங்களே ஒழிய..."

மோனிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ், எங்க அக்காவப் பாத்தா அரக்கி மாதிரி கீதா உனக்கு?"

வசந்தகுமாருக்கு வியர்த்துவிட்டது. "அப்டி இல்லம்மா, குரல..."

செண்பகம் கையமர்த்தினாள். "அந்த அரக்கி எம்மாம் பெருசு சார்?"

"மலை உயரம் இருப்பா."

"அப்ப சரி" என்று அவர் நீட்டிய கார்டை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் யேசுதாஸ் அந்தக் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஹீரோயினுக்கு அம்மாவா பேச சொன்னா போயேன். அரக்கின்னா ஊருல இன்னா சொல்லுவான்?"

"ஊருல எனக்கு ஏற்கெனவே அந்தப் பேருதானே" என்றாள் அவள்.

அவ்வளவோடு அதை மறந்திருப்பாள். மறுநாள் வேலைக்குப் போனபோது கேட்டில் அவள் பாஸை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. மற்ற பதிமூன்று பேரும் உள்ளே போனார்கள். அவளை மட்டும் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தவர் சின்ன வயது அதிகாரி, மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டைப் செய்த ஒரு காகிதத்தை முன்னால் வைத்தார். 'பொதுச் சாலையில் கூச்சலிட்டு நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமைக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடந்துகொள்ள மாட்டேன்.'

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. போட்டுட்டு உள்ள போங்க."

செண்பகம் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தாள். "கூச்சல்னு போட்டுகிறீங்களே சார். நான் கூச்சல் போடல. பஸ்ஸு கேட்டேன்."

"அதத்தாம்மா அப்டி எழுதியிருக்கு."

"அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல சார். பஸ்ஸு கேட்டேன்னு எழுதுங்க, இப்பவே போடறேன்."

அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "யோசிச்சிட்டு வாங்கம்மா. கையெழுத்து போடற அன்னைக்கு பாஸ் வேல செய்யும்."

இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு, கவரப்பேட்டை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பஸ் மாறி சாலிகிராமத்தில் அந்த ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சாதாரண மாடி வீடு. உள்ளே மெத்தை ஒட்டிய சுவர், ஒரு மைக், எதிரே திரை. ஏசி குளிரில் பல் தந்தியடித்தது. ஹெட்போனை மாட்டியதும் தன் மூச்சு தனக்கே கேட்டதில் கொஞ்சம் பயந்தாள்.

"முதல்ல படம் பாக்கணும் சார். ஆரு இன்னான்னு தெரியாம எப்டிப் பேசறது?"

வழக்கமாக யாருக்கும் முழுப் படம் போட்டுக் காட்டுவதில்லை. வசந்தகுமார் போட்டார்.

கடல் ஓரத்தில் ஒரு மலையூர். அங்கே வருஷத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாது. மலைக்குள் வாழும் அரக்கர்கள் வெயில் பட்டால் கல்லாகிவிடுவார்கள் என்பது அந்த ஊர்க்காரர்கள் காலம்காலமாகச் சொல்லிவரும் கதை. எப்போதோ ஒரு விடியற்காலையில் தப்பித்தவறி வெளியே நின்றுவிட்ட அரக்கியின் குட்டி, கல்லாகிப்போய்க் கடலைப் பார்த்து நிற்கிறது. ஊர்ப் பிள்ளைகள் அதன் மேல் ஏறி விளையாடுவார்கள். ஒருநாள் கிரானைட் கம்பெனி ஒன்று வந்து, அந்தக் கல்லை அறுத்துப் பலகை பலகையாகக் கப்பலில் ஏற்றிவிடுகிறது. சூரியன் எழாத அந்த இரண்டு மாதத்தில் அரக்கி மலையை விட்டு இறங்கி வருகிறாள். தலைமுடி பாசியாக இருக்கிறது. பின்னால் பசு வால். தோளில் பனி. கிரேன்களைப் பிடுங்கி எறிகிறாள், லாரிகளைக் கவிழ்த்து அடியில் தேடுகிறாள். பட்டாளம் வந்து பீரங்கி வைக்கிறது. கடைசியில் துறைமுகத்தில் அறுத்து அடுக்கிய கல்லுக்குள் தன் பிள்ளையின் கை மாதிரி ஒரு துண்டைக் கண்டெடுத்து, மார்பில் வைத்துக்கொள்கிறாள். இரண்டு மாதம் முடிந்து முதல் சூரியன் வருகிறது. மலைக்குள் ஓட அவளுக்கு நேரம் இருக்கிறது, அவள் போகவில்லை. நின்ற இடத்திலேயே கல்லாகிறாள்.

படம் முடிந்து விளக்கு போட்டபோது செண்பகம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நல்ல பொம்பள சார்" என்றாள்.

அவளுக்கு மொத்தமே நான்கு இடத்தில்தான் பேச்சு. வசந்தகுமார் காகிதத்தைக் கொடுத்தார். முதல் இடத்தில், அரக்கி ஒரு மீன்காரக் கிழவரின் வீட்டுக் கூரையைத் தூக்கிவிட்டு உள்ளே குனிந்து பார்த்துப் பேசுகிறாள். முகம் திரை முழுக்க வரும். காகிதத்தில் இப்படி இருந்தது: 'உங்கள் அனைவரின் ரத்தத்தையும் குடிக்காமல் ஓயமாட்டேன்!'

செண்பகம் படித்தாள். மறுபடி படித்தாள். "அந்த இடத்த அவங்க பாஷையிலயே ஒரு தடவ போடுங்க சார்."

போட்டார். அவளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "இவ திட்டல சார். கேக்குறா. இன்னா கேக்குறா?"

வசந்தகுமார் கொஞ்சம் தயங்கி, வெளிநாட்டிலிருந்து வந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "சின்னவனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?"

"அப்ப இந்த ரத்தம் எங்கேந்து வந்துச்சு?"

ரத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கான பதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. ராஜமாணிக்கம். படத்தின் தமிழ் உரிமையை வாங்கியவர். அதற்கு முன் ஒரு முதலைப் படமும் இரண்டு பாம்புப் படமும் தமிழில் விட்டு நன்றாக ஓட்டியவர். அவர் மைக்கின் பொத்தானை அழுத்திப் பேசினார்.

"இந்தாம்மா, எழுதினத பேசு. அரக்கி வந்து கேள்வி கேட்டுக்கினு இருந்தா தியேட்டருக்கு எவன் வருவான்?"

"சார், நீங்க படம் பாத்தீங்களா?"

ஸ்டூடியோவில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணி நேரம் வர்றா சார் அவ. ஒருத்தர் ரத்தத்தையாவது குடிக்கிறாளா? லாரிய கவுக்குறா, டிரைவர தனியா எடுத்து பனியில வெக்கிறா. நீங்க சொல்ற மாதிரி பேசினா, வாய் ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு செய்யும். ஜனம் சிரிக்கும்."

"வசந்த், யார்யா இது? வேற ஆளப் பாரு" என்றார் ராஜமாணிக்கம்.

"பாத்துக்கோங்க சார்" என்று செண்பகமே சொன்னாள். "புள்ளைய எங்கன்னு கேக்குறவள கொலகாரின்னு சொல்றதுக்கு என் கொரல் வராது. ரெண்டு நாளு முன்னாடிதான் ஒருத்தர் என்னையும் அப்டி எழுதி கையெழுத்து கேட்டாரு. அங்கயும் போடல."

ஹெட்போனைக் கவனமாக அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். வசந்தகுமார் பின்னாலேயே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏதேதோ சொன்னார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் யேசுதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "கம்பெனியிலயும் சண்ட, சினிமாலயும் சண்ட. ஒரு எடத்துலயாவது செரின்னு சொல்லிட்டு வரக்கூடாதா நீ?"

"செரின்னு சொல்ற மாதிரி ஒருத்தரும் கேக்கலையே" என்றாள்.

அதன் பிறகு இரண்டு நாள் அவளுக்கு நன்றாக இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் ஏழு மணிக்குக் கால் தானாகச் செருப்பைத் தேடும். கையெழுத்து போட்டால்தான் என்ன, இரண்டு வரி, யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒருநாள் மத்தியானம் முழுக்க நினைத்தாள். பேனாவை எடுத்துத் தன் பேரை ஒரு பழைய கவரின் மேல் எழுதிக்கூடப் பார்த்தாள். பிறகு அந்தக் கவரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு உலை வைத்தாள்.

மூன்றாம் நாள் வசந்தகுமார் போன் செய்தார்.

"உதடு ஒட்டலம்மா."

"இன்னா ஒட்டல?"

"அந்த ரத்த வசனம். ரெண்டு ஆம்பளைங்கள வெச்சு, குரல கீழ எறக்கிப் போட்டுப் பாத்தோம். அரக்கி வாய் மூணு தடவதான் தொறக்குது. வசனம் முடியறதுக்குள்ள அவ வாய மூடி, கூரையையும் மூடிட்டுப் போயிடுறா. நம்ம ராஜமாணிக்கத்துக்கே சிரிப்பு வந்துட்ச்சு. நீங்க சொன்ன மாதிரி கேள்விதான் உக்காருது. 'எங்க வெச்சீங்க அவன?' கரெக்டா இருக்கு."

பின்னாலிருந்து ராஜமாணிக்கம் போனை வாங்கினார். "இந்தாம்மா, உன் இஷ்டத்துக்கே பேசு. ஆனா டிரெய்லர்ல ரத்தம் இருக்கும். அத ஆம்பள வாய்ஸ்ல போட்டுக்குவேன். அதுல நீ தலையிடக்கூடாது."

செண்பகம் யோசித்தாள். "டிரெய்லர் உங்க கடை போர்டு சார், என்னா வேணா எழுதிக்கோங்க. படத்துல அவ வாயில மட்டும் அது வேணாம்."

மறுநாள் பேசினாள். முதல் வரிக்கு ஒலிப்பதிவு செய்கிறவர் அவளை மைக்கிலிருந்து இரண்டடி பின்னால் நிற்கச் சொன்னார். பிறகு நாலடி. கடைசியில் அறையின் மூலைக்கே போகவேண்டியிருந்தது. அப்போதும் அவள் கத்தவில்லை. "எங்க வெச்சீங்க அவன?" என்று கேட்டாள், அவ்வளவுதான். கல்துண்டைக் கண்டெடுத்து அலறுகிற இடத்தை மூன்று தரம் எடுத்தார்கள். மூன்றாவது தரம் முடிந்ததும் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரை நினைத்து அலறினீர்கள் என்று வசந்தகுமார் கேட்டார். "அவளத்தான் சார். வேற ஆர நினைக்கிறது?" என்றாள். தண்ணீர் குடித்தாள். தொண்டை இரண்டு நாளைக்குக் கட்டிக்கொண்டது. அந்த இரண்டு நாளும் தெருவே அமைதியாக இருந்ததாக யேசுதாஸ் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி பஸ் வந்தது. புதுவாயல் கூட்ரோட்டில் ஏழே காலுக்கு வந்து நின்றது. இறங்கிய சூப்பர்வைசரின் கையில் பெயர்ப் பட்டியல். மோனிகா அதை வாங்கிப் படித்தாள்.

"பதிமூணு பேருதான் கீது. அக்கா பேரு எங்க?"

"அவங்க இன்னும் லெட்டர் குடுக்கல. நீங்க ஏறுங்க, டைம் ஆவுது."

மோனிகா பட்டியலை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். ஒருத்தியும் ஏறவில்லை. பஸ் காலியாகப் போனது. பதிமூன்று பேரும் ஷேர் ஆட்டோ பிடித்து, ஹைவேயில் இறங்கி, அந்த மூன்று கிலோமீட்டரையும் நடந்து, முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாளும் அப்படியே. பஸ் தினமும் வந்தது, தினமும் காலியாகப் போனது.

இதெல்லாம் செண்பகத்துக்கு மூன்றாம் நாள் சாயங்காலம்தான் தெரிந்தது. நேரே மோனிகா வீட்டுக்குப் போனாள். "உங்களுக்கு இன்னா கிறுக்கா புடிச்சிகீது? வெயில்ல நடக்கறதுக்கா நான் ரோட்ல நின்னு தொண்ட கிழிய பேசினேன்? நாளைக்கு ஒழுங்கா பஸ்ஸுல ஏறுங்கடி!"

"நீ கம்முனு இருக்கா" என்றாள் மோனிகா. அவள் குரல் ஒன்றும் பெரிதில்லை. "கேட்டது நீ. ஏறினா எல்லாரும் ஏறுவோம். இல்லன்னா நடப்போம்."

செண்பகம் மோனிகாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

தினமும் காலை ஷிப்டின் முதல் முக்கால் மணி நேரம் பொறுக்க ஆள் இல்லாமல் யார்டில் இரும்பு தேங்கியது. உலை காத்துக்கிடந்தது. உலையை எரியவிட்டுக் காத்திருப்பது கம்பெனிக்குப் பெரிய நஷ்டம். பொறுக்காமலேயே போட்டுவிடலாம் என்று யாரோ சொன்னபோது, சின்னதுரை கிரேனை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான். "கீழ கண்ணு இல்லாம மேல நான் ஓட்டமாட்டேன் சார். உள்ள ஒண்ணு வெடிச்சா ஆரு பொறுப்பு? நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டான். எழுதிக் கொடுக்க யாரும் முன்வரவில்லை.

ஏழாம் தேதி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அதே அதிகாரி, அதே நாற்காலி. மேசைமேல் அதே காகிதம். செண்பகம் அதைப் பார்த்துவிட்டு உட்காராமல் நின்றாள். அவர் காகிதத்தை எடுத்து, மடித்து, இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"நாளைக்கு பஸ்ஸுல வாங்கம்மா."

"அந்தப் பேப்பரு?"

"அது இருக்கட்டும்."

"இருக்கட்டும்னா, அப்பால ஒருநாள் எடுத்துக் கேப்பீங்களா?"

அதிகாரி முதல் தடவையாகச் சிரித்தார். இழுப்பறையைத் திறந்து, காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். பதினான்கு நாள் கூலி போனது போனதுதான். அதைப் பற்றி அவர்கள் பேச்செடுக்கவில்லை. அதற்கு மட்டும் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறாள். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தேதிக்குத் தேதி போய் நிற்கிறாள்.

ஜூன் மாதம் 'பனிமலை அரக்கி' கும்மிடிப்பூண்டியில் ஒரு வாரம் ஓடியது. போஸ்டரில் அரக்கியின் பல்லில் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் பதினான்கு பேரும் போனார்கள். சின்னதுரையும் யேசுதாஸும் பின்வரிசையில். தியேட்டரில் பாதிக்கு மேல் காலி. அரக்கியின் வால் முதலில் தெரிந்தபோது முன்னால் இருந்த கும்பல் விசிலடித்தது. பசு வால் என்று தெரிந்ததும் ஒருத்தன் "அம்மா" என்று கத்தினான், சிரிப்பு கிளம்பியது. அப்போது கூரை தூக்கப்பட்டது. திரை முழுக்க அந்த முகம்.

"எங்க வெச்சீங்க அவன?"

சிரிப்பு நின்றது. யாரோ ஒரு குழந்தை மட்டும் தன் அம்மாவிடம், "அவ யாரத் தேடறாம்மா?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் ஒருத்தரும் விசிலடிக்கவில்லை. சூரியன் எழும் இடத்தில் மோனிகா செண்பகத்தின் கையைப் பிடித்து நசுக்கிவிட்டாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும், தியேட்டர்காரர் வழக்கம்போல விளக்கைப் போட்டுத் திரையை அணைத்தார். வெளியே போக எழுந்த கூட்டத்துக்கு நடுவே செண்பகம் திரும்பி மேலே பார்த்தாள்.

"யோவ்! என் பேரு கீதுயா அதுல! ஓட்டு!"

மேல் அறையின் சின்ன ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. திரை மறுபடி எரிந்தது. நார்வேக்காரர்களின் பெயர்கள் நூற்றுக்கணக்கில் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் தமிழ்க் குரல்கள். யேசுதாஸ்தான் முதலில் பார்த்தான். ஆங்கில எழுத்தில் 'ஷெம்பகா' என்று அடித்திருந்தார்கள்.

"தப்பா போட்டுகிறான்" என்றான் வருத்தமாக.

"தப்பாவா? நாளைக்கே வசந்தகுமார் சாருக்கு போன் போடறேன்" என்றாள். போட்டாள். அடுத்து டிவியில் வந்தபோது சரியாக வந்தது.

இப்போதும் அவள் யார்டில்தான் இருக்கிறாள். வாரலீவில் எப்போதாவது சாலிகிராமம் போகிறாள். ஒரு சதுப்புநிலப் பேய்க்கும், ஒரு கடல்நாகத்துக்கும் பேசியிருக்கிறாள். ஒரு சீரியலில் மருமகளைக் கொடுமை செய்கிற மாமியாருக்குக் கேட்டபோது முடியாது என்றுவிட்டாள். போன வாரம் ராஜமாணிக்கமே கூப்பிட்டார். ஸ்வீடன் படம் ஒன்று கைக்கு வந்திருக்கிறதாம். காட்டில் வாழ்கிற ஒரு மோகினி, முதுகுப்பக்கம் மரப்பொந்து மாதிரி குழிந்திருக்குமாம்.

"வசனம் ரெடிம்மா. எப்ப வர்ற?"

யார்டில் காந்தம் தூக்கிக்கொண்டிருந்தது. செண்பகம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை அழுத்திப் பிடித்தாள்.

"வசனம் அப்பால கெடக்கட்டும் சார். அந்தப் பொண்ணு ஆரு, அவளுக்கு இன்னா ஆச்சு, அத்த மொதல்ல சொல்லுங்க."